சண்முகம் எடுக்க வேண்டிய வண்டி

பெருந்துறைக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். யார் பக்கம் நிற்பது என்று இப்போதிருந்தே யோசித்து வையுங்கள்.

நாச்சம்மாளுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. அவள் சிறுமியாக இருந்தபோது அப்பா வேலப்பன் ஓர் எஸ்டேட் துரையிடமிருந்து பழைய மாரிஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வருஷம் கப்பலில் வந்திறங்கிய வண்டி. அடர்பச்சை நிறம். திரும்பும்போது பக்கவாட்டில் ஒரு சின்னச் சிவப்புக் கை நீளும். அதை ஓட்டுவதென்றால் அண்ணன் சண்முகத்துக்கு உயிர். வீட்டில் ஆளில்லாத மத்தியானங்களில் தென்னந்தோப்புக்குள் வைத்துத் தங்கைக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் அவளே மாருதியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய் வருகிறாள்.

அவளுக்குப் பதினெட்டு வயதானபோது, சண்முகம் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேரப் போவதாகச் சொன்னான். கூலிக்கு வண்டி ஓட்டுகிற மகன் தனக்கு வேண்டாம் என்றார் அப்பா. மறுநாள் காலையில் அவன் வீட்டில் இல்லை. ஒரு வாரம் ஊர் ஊராக பஸ் ஸ்டாண்டுகளில் தேடிவிட்டு வந்த வேலப்பன், காரைக் கொட்டகைக்குள் விட்டு, அச்சுக்கு அடியில் கல் முட்டுக் கொடுத்துக் கதவைச் சாத்தினார். பதினேழு வருஷம் கழித்துச் சாகக் கிடந்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சண்முகம் வந்து அதுல உக்காரோணும் அம்மணி. அதுக்கு முன்னால வேற ஒருத்தரும் அத ஓட்டக் கூடாது.”

அவள் சரி என்றாள்.

போன சித்திரையில் ஒரு போன் வந்தது. “அம்மணி, வண்டி இருக்குதா?” என்றது குரல். யார் என்று அவள் கேட்கவில்லை. ஐம்பது வருஷத்தில் அந்தக் குரல் கரகரத்திருந்ததே தவிர மாறவில்லை. சோலாப்பூர்ப் பக்கம் லாரி ஓட்டிக் காலம் போய்விட்டது, தை மாதம் வருகிறேன் என்றார் சண்முகம். போனை வைத்த கையோடு அவள் ஈரோட்டிலிருந்து ஆறுச்சாமியை வரவழைத்தாள். பழைய கார்களை உயிர்ப்பிப்பதில் அவனுக்கு நல்ல பெயர்.

கொட்டகையைத் திறந்தபோது சீட்டுக்குள் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பிஸ்டன்கள் இறுகிப்போயிருந்தன. ஆறுச்சாமி மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டுப் பதினெட்டு நாள் காத்திருந்தான். பத்தொன்பதாம் நாள் இஞ்சின் அரை விரற்கடை அசைந்தது. புதுக் கார்பரேட்டர் போட்டால் வேலை சுலபம் என்று மற்ற மெக்கானிக்குகள் சொன்னார்கள், அவன் கேட்கவில்லை. பழையதையே கழற்றிச் சுத்தம் செய்தான். டாஷ்போர்டுக்கு அடியில் வெயில் படாத இடத்துப் பச்சையைப் பார்த்து அதே பச்சையைக் கலந்தான். நாச்சம்மாள் தினமும் வந்து பானெட்டைத் தடவிப் பார்ப்பாள். கதவைத் திறக்க மாட்டாள்.

ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் வண்டி தயார் என்று தன்னால் சொல்ல முடியாது என்றான் ஆறுச்சாமி. அவள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லி, நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து பார்த்தால் போதும் என்றுவிட்டாள். “சரிங்கம்மா” என்றான்.

தை பிறந்து நாலாம் நாள், சண்முகத்தை பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கைப்பிடித்து இறக்கிவிட்டார். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய் நாலு வருஷமாகியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அழுதாள் நாச்சம்மாள். “சொல்லியிருந்தா நீ கொட்டகையத் தெறந்திருக்க மாட்டே” என்றார் அவர்.

அவரே தடவித் தடவி டிரைவர் சீட்டில் ஏறினார். ஸ்டீரிங்கைச் சுற்றிலும் தொட்டுப் பார்த்தார். கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தார். பிறகு இடப்பக்கம் நகர்ந்துகொண்டு, “நீ எடு அம்மணி” என்றார்.

அவள் வாக்கை நினைவூட்டினாள். எனக்காக வைத்ததை நான்தானே உனக்குத் தருகிறேன் என்றார் அவர். அவள் தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தாள். கண் தெரியாத அண்ணன் பக்கத்தில் இருக்கிறார் என்ற பயத்தில் வெளியே நின்ற ஆறுச்சாமியிடம் கேட்டாள்.

“பிரேக் புடிக்குமா தம்பி?”

“நல்லாப் புடிக்குமுங்கம்மா. ஓட்டத்துல வலப்பக்கம் இழுத்துது, சரி பண்ணிட்டனுங்க.”

“ஓட்டத்துலயா?”

ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். ஐப்பசியில் அவள் கரூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று மெயின் ரோடு வரை ஓட்டிப் பார்த்ததை ஒப்புக்கொண்டான். “வயசானவரு ஓட்டப் போறாருன்னு சொன்னீங்க. பிரேக்கப் பாக்காம எப்படிங்கம்மா நான் குடுப்பேன்?”

ஐம்பது வருஷமாகக் கதவைக்கூடத் திறக்காமல் வைத்திருந்த வண்டியை, அவளுக்குத் தெரியாமல் இன்னொருவன் முதலில் ஓட்டிவிட்டான்.

இப்போது சொல்லுங்கள். ஓட்டப் போகிறவர் உயிருக்குப் பயந்து ஒளித்து ஓட்டிய ஆறுச்சாமி, தனக்குத் தராத வாக்கிலிருந்து தங்கையை விடுவித்த சண்முகம், அந்தப் பேச்சை நம்பி ஏறி உட்கார்ந்த நாச்சம்மாள். இதில் யார் செய்தது சரி? அவள் இனி வண்டியை எடுக்கலாமா?

எனக்குத் தோன்றும் விடை இது. ஆறுச்சாமி ஓட்டியது தப்பில்லை. ஓட்டிப் பார்க்காத வண்டியில் ஒரு மனிதரை ஏற்றுவதுதான் தப்பு. “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் மறைத்தானே, குற்றம் அங்கே இருக்கிறது. சண்முகத்துக்கு யாரையும் விடுவிக்கும் உரிமை கிடையாது, அதற்கு அவசியமும் இல்லை. வேலப்பன் கேட்டது மகன் வந்து உட்கார வேண்டும் என்பதுதான். அவர் வந்து உட்கார்ந்த அந்த நிமிஷமே வாக்கு நிறைவேறிவிட்டது. அதற்குப் பிறகு ஏறியவள் நாச்சம்மாள். ஆகவே அவள் செய்ததுதான் சரி. அவளும் கடைசியில் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். சண்முகம் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாய்க்கால் பாலம் வந்ததும் திரும்பிவிடலாம் என்று பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து, “பாலம் வந்துருச்சா அம்மணி?” என்று கேட்டார். பாலத்தைத் தாண்டி இரண்டு மைல் ஆகியிருந்தது. “இன்னும் இல்லீங்ணா” என்றாள் நாச்சம்மாள்.