கன்னி மூலையில் ஒரு பனி மலை

“ஒருத்தற்ர உதவியும் தேவைப்படாத மெசின் ஒண்டு வேணும்” என்றார் தில்லைநாதன். “ஸ்னோவையும் தள்ளோணும். ஐஸ் பிடியாமல் உப்பையும் போடோணும். நான் தனிய ஓட்டோணும்.”

வதனி அவரைப் பார்க்கவில்லை. மண் அள்ளுகிற ஒரு லோடரின் அடியில் மல்லாந்து படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்காபரோவில் பனி வழிக்கும் தொழில் செய்கிற தமிழர்கள் இயந்திரம் வாங்குமுன் அவளிடம் ஒருதரம் போய்வருவார்கள். அவள் விற்பதில்லை. பழுது பார்ப்பாள், வாடகைக்கு விடுவாள், கேட்டால் சொல்லுவாள். போனவர்களில் பாதிப் பேர் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பாதிப் பேர்தான் மற்றவர்களையும் அங்கே அனுப்பினார்கள்.

தில்லைநாதனுக்கு அவளைவிட வயது நன்றாகக் கூட. அவளிடம் வரவேண்டியிருந்ததே அவருக்கு எரிச்சல்.

“பிள்ளை, உம்மைத்தான் கேக்கிறன்.”

“பிள்ளை இல்லை. வதனி.”

“சரி. வதனி.”

“ஆர் ஓட்டப் போறது?”

“சொன்னன்தானே. நான்.”

“இவ்வளவு நாளும் ஆர் ஓட்டினது?”

“தம்பி” என்றார். வாயில் பட்ட கசப்பைத் துப்புவதுபோல அந்தச் சொல் வந்தது.

முறுக்குகிற சத்தம் நின்றது.

“அவர் இப்ப எங்கை?”

“வீட்டிலை. பொல்லோடை திரியிறான். நாங்கள் ஸ்னோ வழிக்கிற பிளாசாவிலையே விழுந்து இடுப்பெலும்பை முறிச்சவன். உப்புப் போட வேண்டியவன் உப்பைப் போடாமல் தானே வழுக்கி விழுந்தான். வேலை முடிஞ்சு வீட்டை போனவன் என்னத்துக்குத் திரும்பி வந்தவன் எண்டு கேட்டால், அதுக்கும் வாய் திறக்கான்.”

“நீங்கள் எப்பிடிக் கேட்டனீங்கள்?”

தில்லைநாதன் கையிலிருந்த இயந்திர விளம்பரத் தாள்களை மறுகைக்கு மாற்றினார்.

ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, தம்பியின் மனைவியும் தாதிமாரும் பார்த்திருக்க, உப்புப் போடத் தெரியாதவனுக்கு என்னத்துக்கு லொறி என்று கேட்டிருந்தார். தம்பி குலேந்திரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றிலிருந்து பேச்சில்லை.

“இனி அவர் வேலை செய்யேலாதோ?”

“நடந்து திரிஞ்சு சவள் பிடிக்கேலாது. இருந்து ஓட்டலாம் எண்டு டொக்டர் சொன்னவராம். ஆரோ சொல்லிக் கேள்வி. நான் போய்க் கேக்கப் போறதில்லை. அவன் வந்து கேக்கட்டும்.”

தில்லைநாதன் கோபத்தை ஆறவிடுகிற மனிதர் அல்ல. ஒவ்வொரு நாள் காலையிலும் அதை எடுத்துச் சூடுகாட்டி வைத்துக்கொள்வார்.

வதனி வெளியே வந்து எழுந்து நின்றாள். அவர் கையிலிருந்த விளம்பரத் தாள்களை வாங்கிப் புரட்டினாள்.

“பிக்கப் கெதியா ஓடும். ஸ்கிட் ஸ்டியர் சின்ன இடத்திலையும் திரும்பும். லோடர் உயத்தும். உங்களுக்கு ஓடோணுமோ, திரும்போணுமோ, உயத்தோணுமோ?”

“உயத்தோணும்.”

யோசிக்குமுன்பே வந்துவிட்டது.

“எவ்வளவு உயரம்?”

அவர் கையைத் தலைக்குமேல் தூக்கினார். போதாது என்று குதிக்காலையும் உயர்த்தினார்.

“அவ்வளவு எதுக்கு?”

“உயத்திக் குவிச்சால் இடம் மிச்சம்.”

அவள் மூலையில் நின்ற மஞ்சள் லோடரைக் காட்டினாள்.

“ஏறுங்கோ. உந்தச் சல்லிக்கல்லைத் தள்ளுங்கோ.”

“எங்கை?”

“விரும்பின இடத்துக்கு.”

ஏறினார். இயந்திரம் உறுமியது. பல மாதங்களில் அவருக்குப் பிடித்த முதல் சத்தம் அது. சல்லியை அள்ளினார், தள்ளினார், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தார். கடைசிக் கல்லும் ஏறியபின் கீழே இறங்கித் தன் வேலையைப் பார்த்தார்.

நல்ல குவியல். ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் அவருடைய பிக்கப் நின்றது.

“கோவத்திலை நல்லாத்தான் ஓட்டுறியள்” என்றாள் வதனி. “வீட்டை எப்பிடிப் போவியள்?”

“திறப்பைத் தாரும். எடுத்துவிடுறன்.”

அவள் லோடரிலிருந்து உருவியிருந்த திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் போட்டாள். சுவரில் சாய்த்திருந்த சவளை, நீண்ட பிடி போட்ட மண்வாரியை, எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“விசரோ உமக்கு? வாடிக்கைக்காரனை இப்பிடியே நடத்துறது?”

“நீங்கள் இன்னும் வாடிக்கைக்காரர் இல்லை.”

சவளால் ஒரு பிக்கப் போகிற அளவுக்கு வழி வெட்டினார். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒருவரைத் திட்டினார். முதலில் வதனியை. பிறகு தம்பியை. பிறகு பிளாசாவில் கடை வைத்திருக்கிற பராவை. பராவை மட்டும் பல வீச்சுகளுக்குத் திட்டினார். முதுகு விட்டுப்போயிற்று.

அவர் பிக்கப்பில் ஏறும்போது வதனி சொன்னாள்:

“ஞாயிறு காலமை உங்கட பிளாசாவுக்கு வாறன். தண்ணி எடுத்து வையுங்கோ. நிறைய.”

“என்னத்துக்குத் தண்ணி?”

அவள் மறுபடியும் இயந்திரத்துக்கு அடியில் போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் இருந்தது. பனி விழ இன்னும் காலம் இருந்தது. வாகனத் தரிப்பிடத்தில் மேப்பிள் இலைகள்தான் கிடந்தன.

பிளாசா நீளமானது. மேட்டுப் பக்கம் பரா என்கிற பரராசசிங்கத்தின் சாப்பாட்டுக் கடை. நடுவில் மரக்கறிக் கடை. பள்ளத்துப் பக்கம் பூட்டிக் கிடக்கிற பழைய வங்கி, அதன் முன்னால் தண்ணீர் இறங்குகிற கான்.

தில்லைநாதன் பீப்பாய்களில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். இரவெல்லாம் வராமல் விடுவோம் என்று நினைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“போன வருசம் ஸ்னோவை எங்கை குவிச்சனீங்கள்?”

மேட்டு மூலையைக் காட்டினார்.

“ஏன் அங்கை?”

“கன்னி மூலை. பாரம் அங்கைதான் இருக்கோணும். கான் இருக்கிறது ஈசான மூலை. அதிலை பாரம் ஏத்தக் கூடாது. வாஸ்து.”

“உங்கட வீடோ இது?”

“எங்கையெண்டாலும் மூலை மூலைதான்.”

வதனி பீப்பாயைக் கண்ணால் காட்டினாள்.

“ஊத்துங்கோ. குவிச்ச இடத்திலை.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு பீப்பாயைச் சரித்தார். தண்ணீர் தாரில் பரவியது. கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து நடக்கத் தொடங்கியது.

“அதோடை போங்கோ” என்றாள்.

“தண்ணியோடையோ?”

“ஓம்.”

போனார். ஒரு பெரிய மனிதர் ஞாயிறு காலையில் தண்ணீருக்குப் பின்னால் நடப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவருக்கு உள்ளே கொதித்தது. தண்ணீர் வெள்ளைக் கோடுகளைக் கடந்தது. ஒரு குழியை நிரப்பியது. வழிந்தது. இலைகளைத் தள்ளிக்கொண்டு மரக்கறிக் கடை வாசலுக்கு வந்தது. அங்கே தரை கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. தண்ணீர் ஒரு கண்ணாடிபோல விரிந்து நின்றது. நிரம்பியபின் மெல்லக் கானை நோக்கிப் போயிற்று.

தில்லைநாதன் நின்றுவிட்டார்.

வதனி பக்கத்தில் வந்தாள்.

“என்ன?”

“இதிலைதான்.”

“இதிலைதான் என்ன?”

“அவன் விழுந்தவன்.”

அவள் குனிந்து அந்தத் தண்ணீரை விரலால் தொட்டாள்.

“பகல் வெயிலுக்கு ஸ்னோ மலை உருகும். உருகினது இஞ்சை வந்து நிக்கும். வெயில் போக ஐஸாகும்.”

“அதுக்குத்தானே உப்பு. ஒரு கல் உப்பும் இருக்கேல்லை. நான் என்ர கண்ணாலை பாத்தனான்.”

“மேலயிருந்து தண்ணி ஓடி வந்தால் உப்பு நிக்குமோ?”

அவர் தண்ணீரையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நிக்குமோ, அண்ணை?”

அப்போது மேட்டில் சாப்பாட்டுக் கடைக் கதவு திறந்தது. பரராசசிங்கம் ஏப்ரனோடு வெளியே வந்தார். நனைந்த தரையைப் பார்த்தார். பீப்பாய்களைப் பார்த்தார்.

“என்னடாப்பா” என்றார். “போன வருசம் மலை. இந்த வருசம் ஆறோ?”

வதனி அவரைப் பார்த்தாள். அவருக்கு மேலே இருந்த கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். அதற்கு நேர் முன்னால் மலை நின்ற இடத்தைப் பார்த்தாள். கடைசியாகத் தில்லைநாதனிடம் வந்தாள்.

“வாஸ்து எண்டது இவரோ?”

“உனக்குத் தெரியாது!” தில்லைநாதனின் குரல் தரிப்பிடம் முழுவதும் கேட்டது. “இவன்ர பெட்டை பெரிசான சாமத்திய வீட்டுக்கு ஊர் முழுக்க வீடு வீடாய்ப் போய்க் கார்ட் குடுத்தவன். எனக்குப் போனிலை சொன்னவன். போனிலை! ஒரே பள்ளிக்கூடத்திலை படிச்ச எனக்கு.”

“அண்டைக்கு எனக்குக் காய்ச்சலடா” என்றார் பரராசசிங்கம். “எத்தினை தரம் சொல்லுறது?”

“கார்ட் குடுக்க வராத காய்ச்சல்.”

“சரி. என்னிலை கோவம். என்ர போர்டை மறைச்சாய். என்ர வாசலை அடைச்சாய். நான் நகரசபைக்கு எழுதினனானோ? பிளாசா முதலாளிக்குச் சொன்னனானோ? ஏன் சொல்லேல்லை தெரியுமோ?”

“ஏன், பயமோ?”

“உன்ர தம்பியாலை.”

தில்லைநாதன் சட்டெனத் தலையை நிமிர்த்தினார்.

“நீ பக்கத்திலை இருந்து அங்கை குவி, இஞ்சை குவி எண்டு காட்டுவாய். அவன் பேசாமல் குவிப்பான். உன்னை வீட்டிலை இறக்கிப்போட்டு, தன்ர காரை எடுத்துக்கொண்டு திரும்பி வருவான். சவளோடை. என்ர கதவுக்கு வழி வெட்டுவான். ஒவ்வொரு ஸ்னோவுக்கும்.”

“பொய்.”

“தேத்தண்ணி குடுத்தால் வாசல்லை நிண்டு குடிப்பான். உள்ளுக்கு வாடா எண்டால் வரான். அண்ணை அறிஞ்சால் கோவிப்பார் எண்டுவான். விழுந்த அண்டைக்கும் வழி வெட்டி முடிச்சுப்போட்டுத்தான் போனவன். காருக்குப் போற வழியிலை…” பரராசசிங்கம் மரக்கறிக் கடை வாசலைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “நீ அவனை ஆஸ்பத்திரியிலை வைச்சு ஏசினதும் கேள்விப்பட்டனான். எனக்கு வந்த கோவத்துக்கு, அண்டைக்கு நீ என்ர கண்ணிலை பட்டிருக்க வேணும்.”

ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தில்லைநாதனுக்குள் கோபம் வழக்கம்போல எழுந்தது. மூடிய கதவைப் பார்த்தது. வதனியைப் பார்த்தது. காலடியில் விரிந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தது. அதில் அவருடைய முகம் தெரிந்தது. சப்பாத்துகளுக்குள் ஈரம் ஏறியது. அவர் நகரவில்லை.

வதனி சுருட்டி வைத்திருந்த விளம்பரத் தாள்களை அவரிடம் நீட்டினாள்.

“இப்ப கேளுங்கோ. என்ன மெசின் வாங்கிறது?”

அவர் தாள்களை வாங்கினார். அவளிடம் கேட்கவில்லை.

போனை எடுத்தார். தம்பியின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுக்கப்பட்டது. நிலத்தில் ஒரு பொல்லு ஊன்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“தம்பி.”

பொல்லு மறுபடியும் நிலத்தில் தட்டியது.

“குலம், நான்தான்.”

“தெரியுது.”

அந்தக் குரலில் கோபம் இருந்தது. இவ்வளவு மாதமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. தில்லைநாதனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

தாள்களைப் பார்த்தார். நனைந்த கையில் பிக்கப்பும் ஸ்கிட் ஸ்டியரும் லோடரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

“என்ன மெசினடா வாங்கிறது?”

பள்ளத்தில் தண்ணீர் கானுக்குள் இறங்குவது கேட்டது.

“ஆர் ஓட்டப் போறது?” என்றான் குலேந்திரன்.