தலையை இழுத்துக்கொள்ளும் கடைக்காரர்

மூங்கில் காட்டு மடுக்கரையில் பாறையாண்டி என்றோர் ஆமை கடை வைத்திருந்தது. கிழங்கு, பட்டை, கொழுந்து, தேனடை என்று குவியல் குவியலாகச் சரக்கு. எதை வாங்கினாலும் குன்றிமணிதான் காசு.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. காலடிச் சத்தம் கேட்டதுமே ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். வந்தவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். குன்றிமணியைச் சுரைக்குடுக்கையில் போடுவார். போகும்போது ஒரு செருமல் செருமுவார். அதன்பிறகுதான் தலை வெளியே வரும். வந்தது யார், வாங்கியது எது என்று ஆமைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. எப்போதாவது ஒரு குறும்பன் குன்றிமணிக்குப் பதில் கூழாங்கல்லைப் போட்டுவிடுவான். "போகுது கழுதை" என்று ஆமை அதை மடுவில் எறிந்துவிடும்.

அந்தக் காலத்தை நினைத்தால் பொன்னுருவி என்ற சருகுமானுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சின்ன வயதில் ஒருமுறை அதற்கு உடம்பெல்லாம் சொறி. வெட்கம் பிடுங்கித் தின்ன, மருந்துக் கொழுந்து வாங்கப் போனது. ஆமை தலையை இழுத்துக்கொண்டது. குடுக்கைக்குள் மணி 'களக்' என்று விழுந்தது. அவ்வளவுதான். சொறி வந்ததும் யாருக்கும் தெரியாது, போனதும் தெரியாது. அந்தக் 'களக்' சத்தத்தில் எவ்வளவு நிம்மதி இருந்தது!

அப்படி இருந்த கடைக்குத்தான் ஒரு நாள் நரி வந்து சேர்ந்தது.

"குன்றிமணி பொறுக்கி, வாயில அடக்கி, வழியெல்லாம் சிந்தி... எதுக்கு இந்தப் பாடு?" என்றது நரி. "ஒவ்வொரு குவியல் முன்னாலயும் ஈரக் களிமண் தட்டு வைக்கிறேன். சரக்கை எடுத்துட்டுக் காலைப் பதிச்சுட்டுப் போங்க. பௌர்ணமி அன்னைக்கு எங்கிட்ட மொத்தமாக் குடுத்தாப் போதும். ஆமைக்கு நான் குடுத்துக்கறேன். ஒரு தடத்துக்கு ஓர் அத்திப்பழம் இனாம்!"

இனாம் என்றால் குரங்குகளுக்குச் சொல்லவா வேண்டும்? வேண்டாத சரக்கையும் வாங்கிக் கால் பதித்தன. ஒரே வாரத்தில் காடே களிமண்ணுக்கு மாறியது. குடுக்கைக்குள் சிலந்தி வலை கட்டியது. தலையை இழுக்க வேலையில்லாமல் ஆமை வெறுமனே உட்கார்ந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பொன்னுருவி குட்டி போட்டது. குட்டியை ஈச்சம்புதரில் ஒளித்துவைத்து, யாரிடமும் மூச்சு விடவில்லை. பால் போதவில்லை. பால் ஊற வேண்டுமானால் தண்ணீர்விட்டான் கிழங்கு தின்ன வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து கடைக்குப் போய்க் கிழங்கு வாங்கியது. குன்றிமணியைத்தான் இப்போது யாரும் கேட்பதில்லையே. களிமண்ணில் கால் பதித்துவிட்டு வந்தது.

நான்காம் நாள் நரி பல்லைக் காட்டியது. "வா தங்கச்சி. குட்டி சௌக்கியமா?"

பொன்னுருவி இரண்டடி பின்வாங்கியது. "எனக்குக் குட்டி இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? மூணு நாளா பால் கிழங்கு முன்னாலதானே உன் தடம் இருக்கு."

முந்தின நாள் மாலை ஒரு சிறுத்தை ஒவ்வொரு புதராக மோப்பம் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கியது ஏன் என்று பொன்னுருவிக்கு அப்போதுதான் விளங்கியது. நரி அந்தச் சிறுத்தையின் மிச்சம் மீதியைத் தின்று பிழைப்பது. சேதி போன வழி தெரிந்துவிட்டது. இன்று மாலைக்குள் சிறுத்தை ஈச்சம்புதருக்கு வந்துவிடும். குட்டிக்கோ இன்னும் கால் ஊன்றவில்லை. தூக்கிக்கொண்டு ஓட மானுக்குக் கை இருக்கிறதா என்ன?

நரி தண்ணீர் குடிக்க மடுவில் இறங்கியது. பொன்னுருவி தவிப்போடு தட்டுகளைப் பார்த்தது. வேலம்பட்டைக் குவியல் முன்னால் அகலமாக நான்கு தடங்கள். சிறுத்தையின் பாதம்! 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பது காட்டுக்குத் தெரியாதா? சிறுத்தைக்குப் பல் ஆடுகிறது. அதனால்தான் அது இளங்குட்டியைத் தேடி அலைகிறது.

பொன்னுருவி ஒரே ஓட்டமாகக் காட்டெருமைக் கூட்டத்திடம் போனது. "அக்கா, எங்குட்டியக் காப்பாத்துங்க. சிறுத்தைக்குப் பயப்படாதீங்க. அதுக்குப் பல் ஆடுது."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றது கூட்டத்தின் தலைவி.

"அதுவே கால் பதிச்சு எழுதிக் குடுத்திருக்கு. வந்து பாருங்க."

வந்து பார்த்தன. அன்று மாலை சிறுத்தை சரிவில் இறங்கியபோது, ஈச்சம்புதருக்கு முன்னால் பன்னிரண்டு ஜோடிக் கொம்புகள் நின்றன. சிறுத்தை உறுமியது. ஒருவரும் அசையவில்லை. தன் குட்டு உடைந்துவிட்டது என்று புரிந்ததும், அது மலையைத் தாண்டிப் போனது போனதுதான். சோறு போட வேறு ஆளில்லாத நரியும் பின்னாலேயே ஓடியது.

மறுநாள் கடையில் ஒரே கொண்டாட்டம். "இந்தக் களிமண் எவ்வளவு நல்லதாப் போச்சு! அப்படியே இருக்கட்டும்" என்றது ஒரு குரங்கு.

"இருக்கட்டுமே" என்றது பொன்னுருவி. "நேத்து நீ எந்தக் குவியல் முன்னால கால் வச்சேன்னு எல்லாருக்கும் படிச்சுச் சொல்லட்டுமா?"

குரங்கு வாங்கியது வயிற்றுப்பூச்சிக்கு மருந்து. அது சத்தம் போடாமல் மரத்தில் ஏறிக்கொண்டது.

பொன்னுருவி தட்டுகளை ஒவ்வொன்றாக மிதித்து உடைத்தது. முதலில் உடைத்தது சிறுத்தையின் தடத்தை. அதைப் படித்துத்தான் குட்டி பிழைத்தது. ஆனாலும் இன்னொருவரின் நோவைப் படித்தோமே என்று அதற்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு குடுக்கையில் இருந்த சிலந்தி வலையை ஊதித் தள்ளியது. "அண்ணே, தலையை உள்ள இழுத்துக்குங்க" என்றது.

ஆமை பொன்னுருவியைப் பார்த்தது. அதன் கண் கலங்கியிருந்தது. தலையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

களக்.

ஒரு செருமல் கேட்டது. காலடிச் சத்தம் ஈச்சம்புதர்ப் பக்கமாகப் போனது. வந்தது யாரென்று ஆமைக்குத் தெரியவே தெரியாது.

இனாமுக்கு ஆசைப்பட்டோ ஊரைப் பார்த்தோ, வாங்கியது இன்னதென்று ஊருக்குத் தடம் பதித்துவைப்பவர், தம் குட்டி இருக்கும் புதரைத் தாமே பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கிறார்.