பிரமுவின் சைக்கிள் பிரேக்

ஆவுடையப்பன் சீடனாகப் போய் நின்றபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. குருவுக்கு முப்பத்தொன்று. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு இடமிருக்காது.

குருவின் பெயர் ஜெயசீலி. மேட்டுக்கடை இறக்கத்தின் உச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தாள். அந்த இறக்கம் லேசுப்பட்டதல்ல. மேலே வருகிறவர்கள் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கீழே போகிறவர்கள் பெடலைத் தொடவே வேண்டாம், சைக்கிள் தானாகப் பறக்கும். அடியில் கால்வாய்ப் பாலம். அங்கே ரோடு சடாரென்று திரும்பும். திரும்ப முடியாதவர்களுக்குப் பாலத்தின் சுவர்தான். அதனால் ஜெயசீலிக்குப் பஞ்சர் வேலையைவிடப் பிரேக் வேலைதான் அதிகம். பிரேக் போட்ட எந்தச் சைக்கிளையும் முதலில் தானே பாலம்வரை ஓட்டிப் பார்ப்பாள். அதன் பிறகுதான் ஆளிடம் கொடுப்பாள்.

"என்ன அண்ணாச்சி?" என்றாள்.

"பிரேக் போடக் கத்துக்கணும் தாயி."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த காரணம். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆவுடையப்பனின் மனைவி பிரமு அந்த இறக்கத்தில் போய்த்தான் பாலத்துச் சுவரில் மோதிச் செத்தாள். பிரேக் பிடிக்கவில்லை. அந்தப் பிரேக் ஒயரை மாற்றிப் போட்டது ஆவுடையப்பன்.

ஜெயசீலி ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான் உபதேசம்.

மனுஷன் தினமும் காலையில் வந்துவிடுவார். பழைய ஒயரை உருவுவார். புது ஒயரின் நுனியிலுள்ள குண்டைப் பிரேக் பிடியில் மாட்டி, உறைக்குள் கோத்து, கீழே இருக்கும் நட்டுக்குக் கொண்டுவருவார். இரண்டு பிரேக் கட்டைகளையும் ரிம்மோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒயரை இழுப்பார். அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. முப்பது வருஷம் கரண்டுக் கம்பம் ஏறிய வயர்மேன் அல்லவா? நட்டுக்கு வந்ததும்தான் கை பழைய புத்தியைக் காட்டியது. ஒயரை நட்டின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சுத்தாதீய அண்ணாச்சி! இது கரண்டுக் கம்பியா? ஆணியில ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. அதுக்குள்ள விட்டு, நேரா இழுத்து, நட்டை முறுக்கணும்."

ஆவுடையப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"சுத்துனா என்ன ஆகும்?"

"சில நேரம் புடிக்கும். சில நேரம் நழுவிரும்."

அன்றைக்கு அவர் அதன் பிறகு ஸ்பேனரைத் தொடவில்லை. கடை ஓரத்து மணலில் உட்கார்ந்து, சாயங்காலம்வரை கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு கொண்டுவந்திருந்தார், அதையும் பிரிக்கவில்லை.

மறுநாள் அவராகவே வாயைத் திறந்தார்.

"எனக்குத் தொழில் வேண்டாம் தாயி. ஒண்ணே ஒண்ணு தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்."

"கேளுங்க."

"அவ உங்கிட்ட குடுத்துப் போடலாம்னுதான் சொன்னா. நான்தான், கம்பி விஷயத்துல எனக்கே ஒருத்தி சொல்லித்தரணுமான்னு வீறாப்புப் பேசினேன். சைக்கிளே மட்டமான சைக்கிள், முன் பிரேக் ஒண்ணுதான், அதுக்கு என்ன பெரிய வித்தைன்னேன். அவ தூக்குவாளியோட வாசல்ல நிக்கா. பால்வாடியில பிள்ளைக வந்திருக்கும், சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லுதா. ஒயரை இழுத்துட்டேன். நட்டை முறுக்கிட்டு இருக்கேன். அந்நேரம் பக்கத்துத் தெருவுல கரண்டு போயிட்டுன்னு ஆள் வந்து கூப்பிட்டான். எழுந்திரிச்சுப் போனேன்."

"முறுக்கி முடிச்சிட்டா போனீய?"

"அதைத்தான கேக்கேன்! அவ என்ன சேலை கட்டியிருந்தான்னு தெரியும். தூக்குவாளியில என்ன இருந்துச்சுன்னு தெரியும். வந்தவன் சட்டைப் பித்தான்கூட ஞாபகம் இருக்கு. கடைசி முறுக்கு முறுக்கினேனா இல்லையா, அது மட்டும் ஞாபகத்துல இல்ல. ஒயரைச் சுத்தினேனா, ஓட்டைக்குள்ள விட்டேனா, அதுவும் இல்ல. நான் அவளைக் கொன்னேனா தாயி? அதைச் சொல்லு. இல்லைன்னாலும் சரி, ஆமான்னாலும் சரி. ஆமான்னா அதுக்கு உண்டானதை நான் பாத்துக்கிடுதேன். இந்த நடுவுலதான் என்னால நிக்க முடியல."

"சைக்கிள் எங்க?"

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும், அது வீட்டுல நிக்கக் கூடாதுன்னு சொந்தக்காரங்க கல்குவாரித் தண்ணியில போட்டுட்டாங்க. நூறடி ஆழம். நானும்தான் கூட ஒரு கை பிடிச்சேன்."

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் இதுவரை அவருக்கு ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். விதி, நேரம், அவள் ஆயுசு அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பாவிகள், ஆறுதல் சொல்வதில் அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. ஜெயசீலி கையைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய்த் தன்னுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். அதுவும் மட்டமான சைக்கிள்தான்.

பின் பிரேக்கை அவளே கழற்றி ஓரமாகப் போட்டாள். முன் பிரேக்கின் ஒயரை உருவி எறிந்துவிட்டு, புது ஒயர் ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"போடுங்க. அன்னைக்குப் போட்ட மாதிரியே."

அவர் போட்டார். அரைமணி வேலை ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஒயரை ஓட்டைக்குள் விட்டார், எடுத்தார், திரும்ப விட்டார். நட்டை முறுக்கினார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து முறுக்கினார். ஜெயசீலி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

வழக்கமாகப் பிடியை நாலைந்து தரம் அழுத்திப் பார்ப்பாள். அன்று பிடியைத் தொடவே இல்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஆவுடையப்பன் பாய்ந்து கேரியரைப் பிடித்தார்.

"வேண்டாம் தாயி! அய்யோ, வேண்டாம்! ஒரு தடவை அழுத்திப் பாரு. நானே இன்னொரு முறுக்கு முறுக்கிருதேன்!"

"பிரமு மதினி அழுத்திப் பாத்தாங்களா?"

"இல்ல. நான் போட்டதுன்னு நம்பி அப்படியே போயிட்டா."

"அப்ப விடுங்க."

அவர் விடவில்லை. அவள் காலை ஊன்றி ஓர் உதை உதைத்தாள். கேரியர் கையிலிருந்து நழுவியது. சைக்கிள் இறக்கத்தில் பாய்ந்தது.

ஆவுடையப்பன் பின்னாலேயே ஓடினார். செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. "பிடி, பிரேக்கைப் பிடி!" என்று கத்தினார். பாதி இறக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். காதையும் பொத்திக்கொண்டார். இன்னொருத்தியையும் கொன்றுவிட்டேனே என்று வாய் தானாகப் புலம்பியது. கண்ணைத் திறக்காமல் அப்படியே செத்துப்போனால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

தோளில் கை விழுந்தது. ஜெயசீலி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலேறி வந்து பக்கத்தில் நின்றாள். நெற்றியில் வியர்வை. வேறு காயம் கீயம் ஒன்றும் இல்லை.

"புடிச்சுதா?" என்றார்.

"புடிச்சுது. சுவருக்கு நாலடி முன்னால நின்னுட்டு."

அவர் எழுந்து நின்றார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அன்னைக்கும் நான் சரியாத்தான் போட்டிருக்கேன், இல்லையா? என் கை சரியாத்தான் போட்டிருக்கும். இல்லையா தாயி? சொல்லு."

ஜெயசீலிக்கும் கண் கலங்கியிருந்தது. பொய் சொன்னால் அந்த மனுஷன் அன்று ராத்திரியாவது தூங்குவார் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கு அந்த நட்டை ஒன்பது தடவை முறுக்கினீய அண்ணாச்சி. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். இது மதினி செத்ததைப் பாத்த கை. அன்னைக்குப் போட்டது, மதினி சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாங்கன்னு நம்பியிருந்த கை. அந்தக் கையை நான் எங்க போய்த் தேட?"