நிர்வாகக் காரணம்

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் நீங்கள் ஒவ்வொருவரும் நம் ஊராக இருக்குமோ என்று கொஞ்சம் யோசிப்பீர்கள். யோசியுங்கள், நல்லதுதான்.

அந்த ஊர் நகராட்சிக்கு மூன்று பள்ளிக்கூடங்கள். முதல் பள்ளியில் தனக்கோடி என்று ஒரு பி.டி. வாத்தியார் இருந்தார். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளை விளையாட்டுச் சாமான் அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். ஜன்னல் இல்லாத அறை அது. ஒருநாள் உள்ளேயே ஒரு பையன் மயங்கி விழுந்தான். பெற்றோர்கள் திரண்டு அந்த வார்டு கவுன்சிலர் கோதண்டத்திடம் போனார்கள். மனிதர் துடித்துப்போனார்.

"இனிமே அந்த ஆளு நம்ம பள்ளிக்கூடத்துல கால் வைக்கமாட்டான், நீங்க போங்க" என்றார்.

வாக்குத் தவறவில்லை. அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தனக்கோடிக்கு இடமாற்றம் ஆனது. கோதண்டத்துக்கு வார்டு மக்கள் மாலை போட்டார்கள்.

நகராட்சியில் இப்படிப்பட்ட இடமாற்றங்களுக்கு 'நிர்வாகக் காரணம்' என்று மட்டும்தான் போடுவார்கள். அப்படியென்றால் என்ன என்று மன்றத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்பானேன்? தலைவி மரகதவல்லி படிப்பார், உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள், தீர்மானம் நிறைவேறிவிடும், வடையும் காபியும் வரும்.

இரண்டாவது பள்ளி, கவுன்சிலர் ஜெபமாலை அம்மாவின் வார்டில் இருந்தது. தனக்கோடி மாறிப் போனது அங்கேதான், அங்கேயும் அதே கதைதான். பயத்தில் ஒரு சிறுமிக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. ஜெபமாலை விசாரித்தார். போலீசுக்குப் போகலாமா என்றுகூட நினைத்தார். "பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும்க்கா" என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதும் விட்டுவிட்டார். மறுபடியும் நிர்வாகக் காரணம். மாறிப் போகிற ஆசிரியருக்கு வழியனுப்பு விழா நடத்துவது அங்கே வழக்கம். வழக்கத்தை விட முடியுமா? ஜெபமாலையே மேடையேறிச் சால்வை போர்த்தி, "கண்டிப்பான, நல்ல ஆசிரியர்" என்று மைக்கில் வாழ்த்தினார். எழுதவே கூசுகிறது.

மூன்றாவது பள்ளி, கவுன்சிலர் தாமோதரனின் வார்டு. "நம்ம பள்ளிக்கூடத்துக்கு என்ன குறைச்சல்? என் பேத்தியே அங்கதான் படிக்கிறா" என்று மேடைக்கு மேடை பேசுகிறவர் அவர். பேத்தி நிவேதிதா நான்காம் வகுப்பு. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தோழி பூவரசி, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் வளர்மதியின் மகள். பூவரசிக்கு வீசிங் உண்டு.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது தனக்கோடி அங்கே வந்து சேர்ந்தார். அதே வாரத்தில் தாமோதரன் வீட்டு வாசலில் ஒரு தனியார் பள்ளி வேன் வந்து நின்றது. இது தெரியாத பூவரசி, தோழிக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பெஞ்சில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள், வரிசையில் பேசினாள் என்று அவளைத் தனக்கோடி விளையாட்டுச் சாமான் அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். போட்டவர் மறந்துபோய்ச் சாப்பிடப் போய்விட்டார். சத்துணவு ஆயா கதவைத் திறந்தபோது பிள்ளையின் உதடு நீலம் பூத்திருந்தது.

பிழைத்துக்கொண்டாள். தனக்கோடியைப் போலீஸ் அழைத்துப் போனது. ஆனால் பூவரசி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். வீட்டில்கூடக் கதவைச் சாத்த விடுவதில்லை. அம்மாவிடம் தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறாள்: "அந்த சார் இப்படிச் செய்வாருன்னு பெரியவங்க யாருக்குமே முன்னாடி தெரியாதாம்மா?"

நகராட்சி அவசரக் கூட்டம் போட்டது. மூன்று பள்ளியிலும் கேமரா, மூன்று பள்ளியிலும் புகார்ப் பெட்டி. மேசையைத் தட்டப் போன நேரத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து வளர்மதி எழுந்தாள்.

"கேமரா வைங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி உங்கள்ல ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்து எம்புள்ளைக்குப் பதில் சொல்லுங்க. தெரியாதுன்னு நான் பொய் சொல்லி அவள மறுபடி அங்க அனுப்பமாட்டேன்."

கைகள் மேசைக்கு அடியில் போய்விட்டன.

கோதண்டம் எழுந்தார். "எனக்குத் தெரியும்மா. எங்க வார்டு புள்ளைங்க தப்பிச்சா போதும்னு இருந்துட்டேன். அவன் போற இடத்துலயும் புள்ளைங்கதான இருக்கும்னு யோசிக்கல."

ஜெபமாலை அழுதுவிட்டார். "தெரிஞ்சேதாம்மா சால்வை போர்த்துனேன்."

தாமோதரன் கோபமாக எழுந்தார். "இவங்க ரெண்டு பேரும் மறைச்சுட்டாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா? நான் வந்து என்னம்மா சொல்றது?"

கதையை இங்கே நிறுத்துகிறேன். அந்தக் குழந்தையின் முன்னால் முதலில் போய் நிற்க வேண்டியவர் இந்த மூவரில் யார்? சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

தாமோதரன்தான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு யாரும் பிள்ளையைப் பள்ளி மாற்றுவதில்லை. அதுவும் அந்த வாத்தியார் வந்து சேர்ந்த அதே வாரத்தில். நிர்வாகக் காரணம் என்றால் என்னவென்று அவருக்கு மற்ற இருவரைப் போலவே தெரிந்திருந்தது. அவர்கள் தம் வார்டுப் பிள்ளைகளையாவது பார்த்தார்கள், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இவர் தன் பேத்தியை மட்டும் வேனில் ஏற்றிவிட்டுப் பேசாமல் இருந்தார். "அண்ணே, உங்க வீட்டுக்கு வேன் எந்த வாரம் வந்துச்சு?" என்று மரகதவல்லி கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே எல்லோரும் வளர்மதி வீட்டுக்குப் போனார்கள், தாமோதரன் முன்னால். திறந்தே கிடந்த கதவருகில் நின்று, "தெரியும் பாப்பா. அதனாலதான் நிவேதிதாவ வேற பள்ளிக்கூட வேன்ல ஏத்திவிட்டேன்" என்றார். பூவரசி கேட்டாள்: "அந்த வேன்ல இடம் இல்லையா தாத்தா?"