ஒன்றாம் நடைமேடைக்கு வந்த பேருந்து

எவ்வழியில் புறப்பட்ட உயிரும் முடிவில் வந்து சேரும் திருவடிகளை உடைய பெருமானை முதற்கண் வணங்குகிறேன்.

நெடுமாடபுரி மாநகரின் ரயில் நிலையத்தை, ரயிலும் பேருந்தும் கூடும் பெருநிலையமாக மாற்றும் திருப்பணி மேஸ்திரி தணிகாசலத்திடம் வந்தது. ஆளவந்தான், சிங்காரவேல் என்னும் கொத்தனார் இருவர் அவருக்குத் துணை. மூவரும் இட்ட கட்டளையை இம்மியும் மீறாதவர்கள். வந்த இடர் அனைத்தும் அதனால்தான் வந்தது.

பெரிய பொறியாளர் சொன்னார்: "ரயிலை விட்டு இறங்குபவர் ஐந்து நிமிடத்தில் பேருந்தில் ஏறியிருக்க வேண்டும். எந்தச் சுவரை இடித்தாலும் அன்றைக்கே கட்டி மூடிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை நானே ரயிலில் வந்து பார்ப்பேன். தவறினால் மூவருக்கும் வேலை போய்விடும்."

ஆளவந்தானை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றாம் நடைமேடையிலிருந்து வெளியே உள்ள பேருந்து நிலையத்தை அடையப் பதினோரு நிமிடம் ஆயிற்று.

"எட்டி நடடா!" என்றார் மேஸ்திரி.

"நான் நடந்துடுவேன் அண்ணே. மூட்டை முடிச்சோட வர்ற சனம் நடக்குமா?"

மேஸ்திரி கண்மூடிச் சிந்தித்தார். "ஆளு பஸ்ஸுகிட்ட போறதாலதான் நேரமாவுது. பஸ்ஸு ஆளுகிட்ட வந்துட்டா?"

"இத்தனை நாளா ஒருத்தனுக்கும் இது தோணலையே!" என்று சிங்காரவேல் உருகினான்.

ரயில் நிலையத்தின் சுற்றுச்சுவரை இடித்து, பேருந்து ஒன்றை ஒன்றாம் நடைமேடையில் ஏற்றினார்கள். கட்டளைப்படி அன்று மாலையே சுவரைக் கட்டிச் சுண்ணாம்பும் அடித்தார்கள்.

"யோவ், நான் எப்படிய்யா வெளியே போறது?" என்று கத்தினார் ஓட்டுநர்.

"அதைப் பத்தி ஐயா ஒண்ணும் சொல்லலீங்களே!" என்றார் மேஸ்திரி.

வெள்ளிக்கிழமை பொறியாளர் இறங்கினார். நான்கே எட்டில் பேருந்து. ஏறி அமர்ந்து, "பலே!" என்றார். மேஸ்திரியின் கண்கள் பனித்தன. பேருந்து நடைமேடையின் தென்முனை வரை சென்று நின்றது.

"கடைசி ஸ்டாப்பு! எல்லாரும் இறங்குங்க!" என்றார் ஓட்டுநர்.

"ஊருக்குள் போகாதா?"

"அதுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டு இருக்குதுங்க ஐயா. இங்கேயிருந்து பதிமூணு நிமிச நடைதான்."

பொறியாளரின் முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. "உங்கள் வேலை போயிற்று! இதே பேருந்தில் ஏறி மூவரும் வீடு போய்ச் சேருங்கள்!"

இதையும் அவர்கள் மீறவில்லை. ஏறினார்கள். பேருந்து முன்னே தென்முனைக்கும் பின்னே வடமுனைக்குமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் நாள் சன்னலுக்கு வெளியே நெடுநேரம் பார்த்திருந்த மேஸ்திரி பெருமூச்சு விட்டார்.

"நம்ம ஊரு எவ்வளவு பெருசாயிடுச்சு பாத்தியாடா? இன்னும் எத்தனை ஒண்ணாம் நம்பர் பிளாட்பாரம் தாண்டணுமோ!"

இக்கதையைக் கேட்டவர் அனைவருக்கும், ஏறிய வண்டி அவரவர் வீட்டு வாசலில் நிற்கும்படி இறைவன் அருள்வானாக.