கெம்பம்மா சொன்ன மாசக் கதை

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாங்கன்னு ஆரம்பிக்கலாம்னு பாத்தா, அங்க ஊரே இல்லடா கண்ணு. ஊரெல்லாம் கீழ, ரொம்பக் கீழ, கடுகு சிந்தின மாதிரி தெரியும். மேல ஒரு மலை. மலைக்கு மேல ஒரு இரும்புக் கோபுரம். கோபுரத்துக்கு மேல தகரம் போட்ட ஒரு சின்ன ரூம்பு. அந்த ரூம்புல ஒருத்தி. அவ பேரு கெம்பம்மா. எங்க, ம் கொட்டு. கொட்டினாத்தான் கதை நகரும்.

ம்... அப்புறம், கெம்பம்மாவுக்கு என்ன வேலை தெரியுமா? பாக்கற வேலை. காடு காஞ்சு கெடக்கற மாசத்துல எங்கயாச்சும் தீப்பிடிச்சுதுன்னா, முதல்ல புகை கிளம்பும் இல்லையா? அந்தப் புகைய அவ கண்டுபிடிக்கணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வயர்லெஸ் எடுத்து அமுக்குவா. கொர்ர்ர்ர்... "புகை இல்ல, ஓவர்." அவ்வளவுதான். கீழ ஆபீசுல வனஜான்னு ஒரு பொண்ணு அத எழுதிக்குவா.

எதிர் மலையில இன்னொரு கோபுரம். அதுக்குக் கரடிமேடுன்னு பேரு. அங்க ஜடையன்னு ஒரு பெரியவர். நடுவுல பெரிய பள்ளத்தாக்கு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கிட்டப் போயி பாத்ததே இல்ல. இங்கேருந்து பாத்தா அவர் ஒரு தீக்குச்சி. அங்கேருந்து பாத்தா இவ ஒரு தீக்குச்சி. அவர் பொண்டாட்டி செத்துப் போயி ஒரு வருஷம் ஆச்சு. அன்னையிலேருந்து "புகை இல்ல"ங்கற ரெண்டு வார்த்தைக்கு மேல மூணாவது வார்த்தை அவர் வாயிலேருந்து வரலன்னு வனஜா சொல்லுவா.

அப்போ தை மாசம் முடியற அன்னைக்கு, சாயங்காலம், வனஜா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டா. "அக்கா, மாசம் எப்படிப் போச்சு?"

நம்மளா இருந்தா என்ன சொல்லுவோம்? போச்சுன்னு சொல்லுவோம். கெம்பம்மா அப்படி இல்ல. யாராச்சும் ஒண்ணு கேட்டா நெசமாத்தான் கேக்கறாங்கன்னு நெனைக்கற ஆளு. கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் அமுக்கினா, கொர்ர்ர்ர்...

"படிச்சது ஒரு புத்தகம் வனஜா. அடிவாரத்து நூலகத்துல கழிச்சுப் போட்டத வாங்கிட்டு வந்தேன்ல, அதுல ஒண்ணு. கிணறு வெட்டறதப் பத்தி. எண்பது அடி வெட்டிட்டாங்க, தண்ணி வந்துதா வரலையாங்கற பக்கம் கிழிஞ்சு போச்சு. ஒரு நாள் முழுக்க யோசிச்சுப் பாத்துட்டு, நானே தண்ணிய வரவெச்சுட்டேன். சமைச்சது, இருபது நாள் ராகிக் களி. மீதிப் பத்து நாளும் ராகிக் களிதான், ஆனா காட்டு நெல்லிக்காய்த் துவையலோட. மனசுக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு. விடியும்போது இந்த வயர்லெஸ் கம்பி நெடுக பனித்துளி வரிசையா தொங்குச்சு. வெயில் மொதத் துளியத் தொட்டுச்சு, அப்புறம் ரெண்டாவது, அப்புறம் மூணாவது. அப்படியே விளக்கேத்திக்கிட்டே போற மாதிரி. நாப்பது வரைக்கும் எண்ணினேன். கம்பி ஆடிச்சு. எல்லாம் ஒண்ணா விழுந்துருச்சு. அவ்வளவுதான், ஓவர்."

வயர்லெஸ்ல சத்தமே இல்ல. காத்து மட்டும் ஷ்ஷ்ஷ்ஷ்னு கேட்டுச்சு. அப்புறம் எதிர் மலையிலேருந்து ஒரு குரல். கரகரன்னு, துருப்பிடிச்ச கதவு திறக்கற மாதிரி.

"ம்."

அது யாரு? ஆமா, ஜடையன்தான்!

அப்புறம் மாசி மாசம் வந்துச்சு. மாசக் கடைசியில வனஜா கேக்கறதுக்கு முன்னாடியே கெம்பம்மா தயாரா உக்காந்திருந்தா. இந்தத் தடவை நட்சத்திரத்தப் பத்தி ஒரு புத்தகம். "நாம பாக்கற நட்சத்திரத்துல சிலது இப்போ இல்லவே இல்லையாம் வனஜா. அது எப்பவோ அணைஞ்சு போச்சாம். ஆனா அதோட வெளிச்சம் அப்பவே கிளம்பி, இன்னும் வந்துட்டே இருக்காம். நம்ம கண்ணுக்கு வர்ற வரைக்கும் நிக்கவே நிக்காதாம்." சமைச்சது மூங்கில் அரிசியில பாயசம், பால் இல்லாம, தேன் விட்டு. பிடிச்சது என்னன்னா, ஒரு கரிச்சான் குருவி கம்பி மேல வந்து உக்காந்து, வயர்லெஸ் மாதிரியே கொர்ர்ர்ர்னு கத்திக் காட்டிட்டுப் போச்சாம்.

வனஜா விழுந்து விழுந்து சிரிச்சா. ஜடையன் கிட்டேருந்து உடனே வரல. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு அந்த "ம்". கெம்பம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு, அவர் நட்சத்திரத்துகிட்டயே நின்னுட்டாரு, குருவி வரைக்கும் வரவே இல்லன்னு.

அப்புறம் பங்குனி. என்ன வெயில் தெரியுமா? கல்லுல கைய வெச்சா சுர்ர்ருங்கும். அந்த மாசம் பாத்து ஒரு புது ஆபீசர் வந்தாரு. ரொம்ப கறாரான ஆளு. வனஜாகிட்ட விஷயத்தக் கேட்டுட்டு, அவரே வயர்லெஸ்ஸ வாங்கினாரு. "கெம்பம்மா, இது கதை பேசறதுக்குக் குடுத்ததா? காடு எரியற நேரத்துல லைன்ல களியும் பாயசமுமா? புகை இருக்கா, இல்லையா. அத மட்டும் சொன்னாப் போதும்."

"சரிங்க சார்."

அவர் சொன்னதும் தப்புன்னு சொல்ல முடியாதே. ஆனாலும் மாசக் கதைக்குன்னு சேத்து வெச்சத எங்க கொண்டு போயி வெப்பா?

பங்குனி கடைசி நாள் சாயங்காலம். வனஜா ரெண்டு தடவை கரடிமேட்டக் கூப்பிட்டா. பதில் இல்ல. "பேட்டரி இறங்கியிருக்கும், போன வாரமும் இப்படித்தான்"னு ஆபீசர் சொன்னாரு. அப்புறம் கெம்பம்மா முறை. "புகை இல்ல, ஓவர்"ன்னா. வெச்சுட்டா.

ம் வரலியே? தூங்கிட்டியா? ம்... கேளு. இப்போதான் கதையே.

சித்திரை பொறந்த காலையில கெம்பம்மா எழுந்து எதிர் மலையப் பாத்தா. தினமும் அந்நேரத்துக்கு ஜடையன் கோபுரத்துக்கிட்ட ஒரு நூல் மாதிரி மெலிசா, நீலமா ஏறும். அவர் அடுப்புப் புகை. கஞ்சி வெப்பாரு. மழை தூறினாலும் ஏறும், காய்ச்சல்னாலும் ஏறும். அன்னைக்கு இல்ல. கண்ணக் கசக்கிட்டுப் பாத்தா. இல்ல. வெயில் ஏறினப்புறம் பாத்தா. இல்ல.

மூணு மாசமா நிம்மதியாச் சொன்ன அதே வார்த்தை, அன்னைக்குச் சொல்லும்போது நிம்மதி இல்ல. கொர்ர்ர்ர்... "சார், கரடிமேட்டுல புகை இல்ல."

"நல்லது. அப்புறம்?"

"நல்லது இல்லீங்க சார். அடுப்புப் புகை இல்ல."

ஆபீசர் குரலே மாறிப் போச்சு. "ஜீப் சுத்திப் போகணும். ஆள் போய்ச் சேர மத்தியானம் ஆயிடும்."

"நான் பள்ளத்துல எறங்கி ஏறினா மூணு மணி நேரம். போறேன் சார்."

"உன் கோபுரத்த யாரு பாக்கறது? காத்து அடிக்குது, ஒரு பொறி விழுந்தாக் காடே போயிடும்."

கெம்பம்மா என்ன பண்ணுவா? காடும் காடுதான், மனுஷனும் மனுஷன்தான். அப்போ ஆபீசரே ஒரு வழி சொன்னாரு. "உன் கோபுரத்துக்கு நான் வந்து ஏறிக்கறேன். நீ கிளம்பு."

அவ்வளவுதான். ஒரு தண்ணி பாட்டில், ஒரு துணி, ஒரு கொடுவாள். கிடுகிடுன்னு எறங்கினா.

முதல்ல வந்துச்சு சரளைச் சரிவு. கால வெச்சா கல்லு உருளும். சரசரசரன்னு கல்லோட கல்லா அவளும் போனா. முழங்கை உரிஞ்சு போச்சு. ஊதிட்டு எழுந்தா.

ரெண்டாவது ஓடை. தண்ணி இல்ல, வெறும் மணல். மணலுக்கு நடுவுல ஒரு ஆனை, அது காலுக்கு நடுவுல ஒரு குட்டி! தாய் ஆனை காலால மணலத் தோண்டுது, டப்... டப்... ஊத்து எடுக்குது குட்டிக்காக. கெம்பம்மா மரத்துக்குப் பின்னாடி மூச்சக் கூட மெதுவா விட்டுக்கிட்டு நின்னா. ஒரு நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி. அங்க ஒரு மனுஷன் என்ன ஆனாரோன்னு மனசு அடிச்சுக்குது, கால் மட்டும் கல்லா நிக்குது. குட்டி நிதானமாக் குடிச்சு, மூஞ்சியெல்லாம் சேறாக்கி, அப்புறம்தான் ரெண்டும் நகந்துச்சு.

மூணாவது என்ன தெரியுமா? பள்ளத்துக்கு அடியில ஒரு மரக்கூட்டம். இலையெல்லாம் கருகிப் போயி தொங்குது. எல்லா மரமும். இங்க தீ வந்துட்டுப் போயிருக்கு, நான் பாக்காம விட்டுட்டேனேன்னு கெம்பம்மா ஒரு இலையத் தொட்டா.

இலை பறந்துச்சு.

பக்கத்து இலை பறந்துச்சு. கிளை பறந்துச்சு. ஃபர்ர்ர்ர்ர்ர்னு மரமே எழுந்துருச்சுடா கண்ணு! அத்தனையும் பட்டாம்பூச்சி. கருப்பு ரெக்கையில வெளிர் நீலக் கோடு. லட்சமோ, பத்து லட்சமோ. கைல உக்காருது, தலையில உக்காருது, கண் இமையில ஒண்ணு. அத்தனை ரெக்கையும் சேந்து அடிச்சா சத்தம் வருமா? வந்துச்சு. தூரத்துல மழை வர்ற சத்தம். காடு முழுக்க நீலமா நடுங்குது. கெம்பம்மா ரெண்டு கையும் விரிச்சு நின்னுட்டா. தான் யாரு, எதுக்கு வந்தோம், எல்லாம் மறந்து போச்சு. முழங்கை எரிச்சல் கூட மறந்து போச்சு. இந்தக் காட்டுலதான் நாப்பது வருஷம் இருந்தோம், இது இங்க இருந்துச்சா, இருந்துச்சான்னு அவ உதடு முணுமுணுக்குது.

கல்லுல உருண்டவ எழுந்தா. ஆனைக்குப் பயந்தவ காத்திருந்தா. இதுலேருந்து எப்படிப் போறது? இதுதான் மூணுலயும் பெரிய கஷ்டம். கண்ண மூடிக்கிட்டா. மூடிக்கிட்டு ஒரு அடி வெச்சா. இன்னொரு அடி. ரெக்கை கன்னத்துல உரசுது. அழுதுட்டே மேல ஏறினா.

கரடிமேட்டுக் கோபுரத்துக்கு அடியில ஜடையன் கெடந்தாரு. ஏணியில ரெண்டு படி ஒடிஞ்சு கெடக்கு. குடம் உருண்டு கெடக்கு. கால் ஒரு பக்கமா மடங்கியிருக்கு. உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. ஆனா கண்ணு திறந்திருக்கு! கெம்பம்மா சொட்டுச் சொட்டா தண்ணி விட்டா. துணிய நனைச்சு நெத்தியில போட்டா. ஒடிஞ்ச படியத் தாண்டி மேல ஏறி வயர்லெஸ்ல கத்தினா, "சார், ஆள் இருக்காரு! உசுரோட இருக்காரு!" கீழ வனஜா அழற சத்தம் கேட்டுச்சு. இவ கோபுரத்துலேருந்து ஆபீசர், "ஸ்ட்ரெச்சர் வந்துட்டிருக்கு, பக்கத்துலயே இரு, பேச்சுக் குடுத்துட்டே இரு"ன்னாரு.

எறங்கி வந்து பக்கத்துல உக்காந்தா. அப்போதான் முதல் முதலா ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கறாங்க.

"தண்ணிக்குப் போயி நேரமாயிருச்சு அம்மணி"ன்னாரு அவர். "மாசக் கதை போயிருமேன்னு ஓடியாந்து ஏறினேன். படி விட்டுருச்சு. கதையக் கேக்கல நான்."

"சார் வேண்டாம்னுட்டாரு. நேத்து நான் சொல்லவே இல்லண்ணா."

"இப்பச் சொல்லு."

சொன்னா. நீச்சல் கத்துக்கறதப் பத்தி ஒரு புத்தகத்த, மலை உச்சியில உக்காந்து படிச்சதச் சொன்னா. புளியே இல்லாம வெச்ச ரசத்தச் சொன்னா. அப்புறம் பட்டாம்பூச்சியச் சொல்ல ஆரம்பிச்சா. சொல்லிட்டிருக்கும்போதே, பள்ளத்துலேருந்து அந்தக் கூட்டம் காத்தோட கிளம்பி மேல வந்துச்சு. இவங்க தலைக்கு மேல, கோபுரத்துக்கு மேல, வானம் முழுக்க நீலக்கோடு கோடா ஓடுது. வெயிலே ஆடுது.

அது கடந்து போறதுக்குள்ள ஸ்ட்ரெச்சரோட நாலு பேர் வந்துட்டாங்க. காலுக்குக் கட்டை வெச்சுக் கட்டினாங்க. தூக்கப் போனாங்க. ஜடையன் கைய உயர்த்தினாரு. "இருங்கப்பா. நான் ஒண்ணு சொல்லணும்."

அவங்க பாத்து ஒரு வருஷமாப் பேசாத மனுஷன். நாலு பேரும் அப்படியே நின்னாங்க.

"எனக்குப் படிக்கத் தெரியாது. சமைக்கறது கஞ்சி. பிடிச்சதுன்னு ஒண்ணு இருக்கு. இந்தக் கோபுரத்துல ஒம்பது வருஷமா மேலதான் உக்காந்திருக்கேன். இதோட அடிப்பக்கத்த இன்னைக்குத்தான், கெடந்துட்டு, பாக்கறேன். அங்க பாருங்க, பலகைக்கு அடியில. மண்ணுல கட்டின கூடு. உள்ள மூணு குஞ்சு. விடிஞ்சதுலேருந்து தாயும் தகப்பனும் மாத்தி மாத்தி வருது. நூத்திப் பன்னெண்டு தடவை வந்துருச்சு. நான் உக்கார்ற எடத்துக்கு நேர் கீழ. என் காலுக்கு அடியில. இத்தனை நாளா அங்க ஒரு குடும்பம் இருந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. அதுல ஒரு குஞ்சு, ரொம்பச் சின்னது, அதுக்கு..."

பேசிக்கிட்டே போனாரு. நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ஸ்ட்ரெச்சர மெல்லக் கீழ வெச்சுட்டு, அவரச் சுத்தி மண்ணுல உக்காந்துட்டாங்க, தலைய அண்ணாந்துக்கிட்டு.

அவர் சொல்றத அவங்க கேக்கட்டும். நம்ம கதை இவ்வளவுதான், கண்ணு. போர்வைய இழுத்துக்கோ, தூங்கு.