இரண்டரை அடி பின்னால்

“அந்த வண்டியில நான் கை வைக்க மாட்டேன் மேஸ்திரி.”

ரெஜினா மேஸ்திரி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பட்டறை வாசலில் நின்ற டிரைலரைப் பார்த்தார்.

பக்கப் பலகை இல்லாத தட்டை டிரைலர். ஒரே அச்சு, இரண்டு சக்கரம். வயலில் சேறடிக்கும் டிராக்டரை ஏற்றிப் போகிற வண்டி. இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் தார் ரோட்டில் இறங்கக் கூடாது. அதை டிரைலரில் ஏற்றி இன்னொரு டிராக்டர்தான் இழுத்துப் போக வேண்டும்.

“ஏன்?”

“அது ராஜமாணிக்கத்தோட வண்டி” என்றார் கலியமூர்த்தி.

மேஸ்திரிக்கு வயது முப்பத்தொன்பது. கலியமூர்த்திக்கு ஐம்பத்தாறு. அந்த வயதில் தொழில் பழக வந்தவரை வேறு எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. ரெஜினா சேர்த்துக்கொண்டார். அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வேலை தப்பாக இருந்தால் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே சுத்தியலால் தட்டி உடைப்பார்.

“ராஜமாணிக்கம் உங்கள என்ன செஞ்சாரு?”

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று கலியமூர்த்தி ஒன்பது வருடம் காத்திருந்தார். கேட்டதும் கொட்டித் தீர்த்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் ராஜமாணிக்கத்தின் டிரைவர். ஒருநாள் டிரைலரில் டிராக்டரை ஏற்றி, அதற்கும் பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரையும் ஒரு ஜோடி இரும்புச் சக்கரத்தையும் ஏற்றச் சொன்னான் ராஜமாணிக்கம். வெட்டாற்றுப் பாலத்தில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. இறங்கும்போது டிரைலரின் மூக்கு மேலே தூக்கியது. வால் இடமும் வலமும் அடித்தது. பிறகு இரண்டு டிராக்டர், ஒரு டிரைலர், ஒரு டிரைவர், எல்லாம் வாய்க்காலில் கிடந்தன.

கால் இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, குடித்துவிட்டு ஓட்டினான் என்று ராஜமாணிக்கம் ஊரெல்லாம் சொன்னான். கலியமூர்த்தி கள்ளைக்கூட வாயில் வைத்தவர் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து யாரும் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. கட்டிய மனைவியின் தம்பி மோட்டார் சைக்கிள் சாவியைக்கூடக் கொடுக்கவில்லை.

மறந்துவிடு என்றார்கள் ஊர்க்காரர்கள். அவர்களுக்கு என்ன, இரண்டு காலும் நேராக இருந்தன.

மேஸ்திரி முழுவதையும் கேட்டார்.

“கிளம்பறப்ப அவருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

ராஜமாணிக்கம் சொன்னதைக் கலியமூர்த்தி மறுபடியும் சொன்னார்.

“அதக் கேட்டாச்சு. நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்றது. நான் டிரைவரு.”

மேஸ்திரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு விட்ட இடத்தில் வெல்டிங்கைத் தொடர்ந்தார்.

மறுநாள் காலை ராஜமாணிக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தான். இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னான். புதிதாக வாங்கிய ரோட்டவேட்டர் பெரியது. டிராக்டரோடு சேர்த்து ஏற்ற இடம் போதவில்லை. டிரைலரைப் பின்பக்கம் நாலு அடி நீட்ட வேண்டும். அச்சு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வண்டி வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயலில் தண்ணீர் கட்டிவிட்டார்கள்.

வாலை நீட்டினால் அச்சையும் பின்னால் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாரமெல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் போய்விடும் என்றார் மேஸ்திரி.

“வண்டி என்னோடதும்மா. சொன்னதச் செய்யி.”

வெல்டிங் முகமூடி போட்டுக்கொண்டு நின்ற ஆளை அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

மோட்டார் சைக்கிள் போனதும் கலியமூர்த்தி முகமூடியைக் கழற்றினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தப் பட்டறையில் யாரும் பார்த்திராத சிரிப்பு.

“நானே செய்யறேன் மேஸ்திரி. அவரு சொன்ன மாதிரியே. நாலு அடி. அச்சத் தொடாம.”

மேஸ்திரி வெல்டிங் ராடு பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

கலியமூர்த்தி அன்றைக்குச் சோறு தின்னவும் எழுந்திருக்கவில்லை. இரும்புச் சேனலை அளந்து வெட்டினார். மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். அவ்வளவு ஆசையாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை. வெல்டிங் ஒவ்வொன்றும் பூரான் முதுகுபோல வரிவரியாக விழுந்திருந்தது.

மேஸ்திரி சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில்கூட உதிரவில்லை.

“நல்லா பிடிச்சிருக்கு அண்ணே. பாலத்துல கவுந்தாலும் இந்த நாலு அடி பிரியாது.”

கலியமூர்த்தி மிச்ச ராடுகளைப் பெட்டியில் அடுக்கினார்.

மேஸ்திரி டிரைலரின் மேல் ஏறினார். புதிதாக நீட்டிய சேனல் வழியே நடந்து வால் நுனியில் போய் நின்றார். முன்னால் செங்கல் மேல் உட்கார்ந்திருந்த இழுவைக் கொக்கி மெல்ல எழும்பி ஆகாயத்தைப் பார்த்தது.

“நான் அம்பது கிலோகூட இல்ல” என்றார் மேலே நின்றபடி.

“அவரு கேட்டது இதத்தானே.”

மேஸ்திரி குதித்தார். கொக்கி விழுந்தது. செங்கல் இரண்டாக உடைந்தது.

“அன்னைக்குக் கிளம்பறப்ப என்ன சொன்னீங்க?”

கலியமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தார். நீயும் அவன் பக்கம்தானா என்று கேட்டார். பஞ்சாயத்திலும் இப்படித்தான், தப்பு செய்தவனை உட்கார வைத்துவிட்டுக் கால் உடைந்தவனைக் கேள்வி கேட்டார்கள் என்றார். உன்கிட்ட வெல்டிங் படிக்கத்தான் வந்தேன், இதையெல்லாம் படிக்க வரவில்லை என்றும் சொன்னார். பிறகு டீக்கடைக்குப் போய்விட்டார். அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

மேஸ்திரி ஆள் அனுப்பவும் இல்லை.

மறுநாள் காலை அவராகவே வந்து, கீழே கிடந்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மதியம் தளத்துக்கு அடிக்க வேண்டிய இரும்புத் தகடுகளை ஏற்றிக்கொண்டு ராஜமாணிக்கத்தின் இப்போதைய டிரைவர் வந்தார். பெயர் லெனின். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர்மீதும் கலியமூர்த்திக்குக் கோபம் உண்டு. தான் உட்கார்ந்த சீட்டில் உட்காருகிறவர், அது போதாதா?

“பேரு லெனினு. மொதலாளி முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கிற.”

லெனின் சிரித்தார். “பேரு எங்கப்பா வச்சது அண்ணே. வேல மொதலாளி கொடுத்தது.”

தகடுகளை இறக்கியதும் டிரைலர் நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். புளிச்சோறும் வறுத்த கருவாடும். இரண்டு துண்டு கருவாட்டை மூடியில் வைத்துக் கலியமூர்த்தி பக்கம் தள்ளினார். கோபக்காரர்தான், ஆனால் கருவாட்டை விடுகிறவர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டே லெனின் டிரைலரின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். சோற்றுக் கை பாதியில் நின்றது.

“அண்ணே, அச்சு அங்கியேதான் இருக்கா?”

“அங்கியேதான்.”

“இப்பவே பால எறக்கத்துல மூக்கு தூக்குது. ஸ்டியரிங்கத் திருப்பினா வண்டி கேக்க மாட்டேங்குது. இன்னும் நாலு அடின்னா...” அவர் முடிக்கவில்லை. ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

“அவருகிட்ட சொன்னியா?”

“எங்க சொல்றது. தகட்டக் கொண்டுபோய்ப் போடுடான்னாரு. சரிங்கன்னு வந்துட்டேன்.”

கலியமூர்த்தியின் கையில் கருவாடு அப்படியே இருந்தது.

முதல் பாரம் எப்போது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மதியம் என்றார் லெனின். எந்த வழியாக என்று கேட்டார். வேறு எந்த வழி இருக்கிறது, பாலம்தான் என்றார் லெனின். சொல்லிவிட்டு வாளியைச் சாய்த்து மீதிச் சோற்றை வழித்தார்.

கலியமூர்த்தி எழுந்தார். கை கழுவாமல் உள்ளே போனார். மேஸ்திரி ஒரு கதவுக் கீலை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி.”

“ம்.”

“சரிங்கன்னு சொன்னேன்.”

அரம் நின்றது.

“பாரம் பின்னால இருக்குன்னு ஏத்தும்போதே எனக்குத் தெரியும். பதினெட்டு வருசம் ஓட்டினவனுக்குத் தெரியாதா. தெரிஞ்சும் சரிங்கன்னு சொல்லி சாவிய வாங்கினேன்.”

மேஸ்திரி சட்டைப் பையில் தேடி ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து நீட்டினார்.

“கை கழுவிட்டு வாங்குங்க. கருவாட்டு வாட அடிக்குது.”

அன்று மதியமே கலியமூர்த்தி டிரைலருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கோடு போட்டார். இரண்டரை அடி பின்னால். மேஸ்திரி நாடாவைப் பிடித்து ஒருமுறை அளந்து பார்த்தார். கோட்டை மாற்றவில்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருந்த பழைய இரும்புக் கட்டைகளைக் கேஸ் கட்டரால் வெட்டினார்கள். துருப்பிடித்த போல்ட் ஒன்று அரைநாளைத் தின்றது. ராஜமாணிக்கம் வண்டியை எடுக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கலியமூர்த்தி ஒருமுறை கேட்டார். நிற்கட்டும், இடம் இருக்கிறது என்றார் மேஸ்திரி. வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் அச்சு புது இடத்தில் உட்கார்ந்துவிட்டது. மேஸ்திரி மறுபடியும் வால் நுனியில் போய் நின்றார். கலியமூர்த்தியையும் பக்கத்தில் கூப்பிட்டு நிற்க வைத்தார். கொக்கி அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ராஜமாணிக்கம் வந்தான். பின்னாலேயே டிராக்டரில் லெனின்.

இந்தத் தடவை மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினான். குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். சக்கரம் முன்பு இருந்த இடத்தில் வெட்டிய தழும்பைப் பார்த்தான்.

“எவன்டா அச்சத் தொட்டது?”

“நான்தான்.” கலியமூர்த்தி முகமூடியைக் கழற்றினார்.

ராஜமாணிக்கத்துக்கு ஆளை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒன்பது வருடம் கலியமூர்த்தி அந்த முகத்தை நினைக்காமல் ஒருநாளும் படுத்ததில்லை. அவனுக்கோ இவர் பெயரே உடனே வாயில் வரவில்லை.

“நீயா. வண்டியப் பாலத்துல கவுத்துப்புட்டு எனக்குப் பாரம் சொல்லித் தர்றியா?”

“நான் அன்னைக்குக் குடிக்கல. அது ஒங்களுக்குத் தெரியும்.”

“பழைய கதை பேசாத. அச்சத் தூக்கி முன்னால வையி.”

“முடியாது.”

அவனைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று கலியமூர்த்தி ஒன்பது வருடமாக மனதுக்குள் பேசிப் பழகியிருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் பேசுவார், பஸ்ஸில் போகும்போதும் பேசுவார். இப்போது அதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வந்ததெல்லாம் அந்த ஒரு சொல்தான்.

ராஜமாணிக்கம் மேஸ்திரியைப் பார்த்தான். பட்டறை உன்னுடையதா இவனுடையதா என்று கேட்டான்.

“பட்டறை என்னோடது. நானும் முடியாதுன்னுதான் சொல்றேன்.”

“ஊர்ல வேற பட்டறையே இல்லன்னு நெனப்பா? டேய் லெனினு, கொக்கிய மாட்டு. போற வழியில மாத்திக்கலாம். நீ இத்தன நாளா ஓட்டலையாடா? இவங்களுக்குச் சொல்லு.”

லெனின் டிராக்டரிலிருந்து இறங்கினார். கொக்கியைப் பார்த்தார். கலியமூர்த்தியின் கோணிய காலைப் பார்த்தார்.

கலியமூர்த்தி லெனினின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லெனின் டிராக்டர் சாவியை டிரைலரின் புதுத் தகட்டில் வைத்தார். சாவி தகட்டில் தட்டிச் சத்தம் போட்டது.

“இப்படியே இருந்தா நான் ஓட்டறேங்க. மாத்தினா நீங்க ஓட்டிக்கங்க.”

ராஜமாணிக்கம் சாவியைப் பார்த்தான். லெனினைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கட்டிய வயல்கள் காத்திருந்தன. சேறடிக்கிற பருவத்தில் சும்மா இருக்கிற டிரைவர் ஒருவரும் கிடைக்கமாட்டார். அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை மூன்று உதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

சத்தம் அடங்கும்வரை லெனின் நின்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு டிராக்டரைப் பின்னுக்கு விட்டார். கலியமூர்த்தி கொக்கியைப் பிடித்து மாட்டி, பூட்டு ஊசியைச் செருகிக் கொடுத்தார். ரோட்டில் ஏறுகிற இடத்தில் மேடு உண்டு. வண்டி அதில் ஏறி இறங்கியது. மூக்கு தூக்கவில்லை.

வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் கலியமூர்த்தி ரோட்டைப் பார்த்தே நின்றார்.

“மேஸ்திரி, அந்த ஆள நான் மன்னிக்கல. இப்பவே சொல்லிட்டேன்.”

“நான் மன்னிக்கச் சொன்னேனா?” என்றார் மேஸ்திரி. “வாங்க, இந்தச் சேனலப் பிடிங்க.”